தொரை தரையில் இறங்கிய வாரம்

1. 1976 ஆகஸ்ட் கடைசியில் சித்தப்பா புத்தளத்திலிருந்து ஒரு பெரிய பச்சோந்தியைக் கொண்டு வந்தார். மூக்கிலிருந்து வால் நுனி வரை அடிக்கோலைத் தாண்டி இரண்டு அங்குலம் இருந்தது.

2. லயத்தில் அதற்குத் தொரை என்று பெயர் வைத்தார்கள்.

3. குளிரில் ஒரு வாரம்கூடத் தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். தாங்கியது.

4. இரண்டு மாதம் அடுப்புச் சூட்டில் இருந்துகொண்டு நன்றாகச் சாப்பிட்டது.

5. நவம்பர் தொடக்கத்தில் சாப்பாட்டை நிறுத்தியது. எடை குறையவில்லை. கூடியது.

6. கிளையை விட்டு இறங்கி, குசினி மூலையில் தரையைப் பிராண்டத் தொடங்கியது.

7. நான் அதைத் தூக்கி மறுபடி கிளையில் வைத்தேன். ஐந்து நாளில் பதினொரு தடவை.

8. ஏழில் எழுதியதை நான் செய்திருக்கக் கூடாது.

எதையும் வரிசை போட்டு எழுதும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலையே அதுதான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் தோட்டம் நானுஓயாவுக்கு மேலே இருந்தது. காலையில் ரயில் சத்தம் மட்டும் மூடுபனிக்குள்ளிருந்து கேட்கும், ரயில் கண்ணுக்குத் தெரியாது. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போவார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்தைக் காய வைக்கும் இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கிற பெரிய அடுப்பில் விறகு போடுவது அவருடைய வேலை. வீட்டில் நான் ஒரே பிள்ளை. வீடு என்றால் லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் புகை அடர்ந்த சின்னக் குசினி.

சித்தப்பா லொறியில் கிளீனராக இருந்தார். நுவரெலியாவிலிருந்து கோவா, லீக்ஸ் என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு புத்தளம் பக்கம் போய், உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வரும் லொறி. மாதம் ஒரு தடவை எங்கள் வீட்டில் இறங்குவார். அந்தத் தடவை அவர் தோளில் தொங்கிய உப்புச் சாக்கு மெதுவாக அசைந்தது. அம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

"தம்பி, அதுல என்ன?"

"பயப்படாதீங்க அண்ணி. ரோட்டக் குறுக்க தாண்டிக்கிட்டு இருந்துச்சு. லொறிய நிறுத்தி, ஹோன் அடிச்சு, கத்திப் பாத்தோம். ஒரு கால எடுத்து வைக்க ஒரு நிமிசம். ட்ரைவர் அண்ணன் 'இது போய்ச் சேர்றதுக்குள்ள உப்பு கரைஞ்சிரும், தூக்கிப் போடுடா'ன்னாரு. தூக்கிப் போட்டுக்கிட்டேன்."

"தூக்கிப் போட்டதும் எறக்கி விட வேண்டியதுதானே?"

"பாப்பாவுக்குப் புடிக்கும்னு கொண்டாந்தேன்."

எனக்குப் பிடித்தது. எங்கள் மலையிலும் ஓணான் உண்டு. கறுத்த கன்னத்தோடு தேயிலைச் செடியில் உட்கார்ந்திருக்கும், நிழல் விழுந்ததும் ஓடிவிடும். இது ஓடவில்லை. சாக்கிலிருந்து வெளியே வந்து, என் முழங்கையைத் தன் இரட்டைப் பிடி விரல்களால் இடுக்கி மாதிரிப் பற்றிக்கொண்டது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றக் கண் அம்மாவைப் பார்த்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கி, அதை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி, யோசித்து, மெதுவாக வைத்தது.

பெயர் வைத்தது பக்கத்துக் காம்பரா அக்கா. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் பிள்ளை வயிற்றில், நான்கு மாதம். லயத்தில் யாரையும் சும்மா விடாத வாய். இஸ்தோப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஐயோ, நம்ம பழைய வெள்ளக்காரத் தொரை அச்சு அசலா! மழையில சப்பாத்தப் போட்டுக்கிட்டுப் படி எறங்குவாரே, இப்படித்தான் கால அந்தரத்துல வச்சுக்கிட்டு நிப்பாரு. ஒரு கண்ணு மலையில, ஒரு கண்ணு ரோட்டுல."

தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் தொரை கப்பல் ஏறிவிட்டார், புதுத் தொரை கொழும்பிலிருந்து வந்திருந்தார். அதனால் பெயரில் பெரிய ஆபத்து இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரத்தில் முழு லயமும் அதைத் தொரை என்றது. பெயர் வைத்ததோடு இன்னொரு காரியமும் நடந்தது, அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. அது ஆண் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

குளிர்தான் முதல் கவலை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கோணல்மாணலான கிளைகளை மிலாறு என்போம். எல்லார் வீட்டிலும் விறகு அதுதான். அப்பா நல்ல பெரிய மிலாறு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்ணெண்ணெய் டின்னில் கல் போட்டு நட்டு, குசினி அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து வைத்தார். தொரை அதில் ஏறி, வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தது. காலையில் வெயில் வந்தால் கிளையோடு தூக்கி இஸ்தோப்பில் வைப்பேன். வெயில் போனால் மறுபடி அடுப்படி.

காலையில் அது கரி மாதிரிக் கறுப்பாக இருக்கும். வெயில் படும் பக்கமாக உடம்பைத் தட்டையாக விரித்துக் கொடுக்கும். சூடு ஏற ஏறச் சாம்பல் நிறம், பிறகு பழுத்த இலையின் மஞ்சள், பத்து மணிக்கெல்லாம் இளங்கொழுந்தின் பச்சை. இதை லயத்துக்காரர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற பெண்கள் எங்கள் இஸ்தோப்புக்கு முன்னால் நின்று குரல் கொடுப்பார்கள்.

"புள்ள, இன்னிக்குத் தொரை என்ன கலரு?"

"கறுப்புங்க."

"அப்ப கம்பளிய எடுத்துக்குவோம்."

தினமும் காலை ஆறு மணிக்கு அது கறுப்புதான். தினமும் கம்பளி எடுத்துக்கொண்டு போனார்கள். மழை பெய்த நாட்களில் தொரை சரியாகச் சொன்னது என்றார்கள். பெய்யாத நாட்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கொழுந்துக் கூடையில் வெட்டுக்கிளி ஏறிக்கொள்ளும். நிறுவைக்குப் போவதற்கு முன் அதைப் பிடித்து முந்தானையில் முடிந்து வருவார்கள். மருந்து அடித்த மலையிலிருந்து பிடித்தது வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். மாட்டுக் காலையில், அதாவது மாட்டுக் கொட்டிலில், ஈ இருந்தது. தொரையின் நாக்கு அதன் உடம்பு நீளத்துக்கு வெளியே வரும், கண் இமைப்பதற்குள் உள்ளே போய்விடும். அதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலத்தில் நாலு பேர் குசினி வாசலில் நிற்பார்கள். அம்மாவும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு ரொட்டி தட்டுகிற கையை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினார். தண்ணீரை அது கிண்ணத்தில் குடிக்காது. இலையில் தெளித்தால் துளியை நக்கும்.

நான் ஒரு கொப்பியில் ஐந்து பத்தி போட்டிருந்தேன். திகதி, காலை நிறம், பகல் நிறம், தின்ற பூச்சி, எடை. எடைக்குத் தராசு நானே செய்தது. ஒரு நேரான மிலாறுக் குச்சி, இரண்டு டின்பால் பேணி மூடி, நூல். படிக்கல்லுக்கு ஸ்டோரில் கழித்துப் போட்ட இரும்பு நட்டுகளை அப்பா கொண்டு வந்து கொடுத்தார், எல்லாம் ஒரே அளவு. சனிக்கிழமை பகல் தொரையை நிறுப்பேன். முதல் வாரம் பதினான்கு நட்டு. செப்டெம்பர் கடைசியில் பதினாறு. ஒக்டோபர் கடைசியில் பதினெட்டு. ஒரு புத்தகமும் இல்லாமல், யாரிடமும் கேட்காமல், குளிர் மலையில் ஒரு பச்சோந்தியை வளர்த்து எடை கூட்டியிருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

நவம்பர் வந்ததும் மழை விடவில்லை. அந்த வாரத்தில் தொரை வெட்டுக்கிளியைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பியது. அடுத்த நாளும் அப்படித்தான். நிறமும் பச்சைக்கு வரவில்லை. கறும்பச்சையில் மஞ்சள் புள்ளிகள் விழுந்திருந்தன. கொப்பியில் "புள்ளி" என்று எழுதி அடிக்கோடிட்டேன். மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கிளையில் தொரை இல்லை. குசினி மூலையில், தரையில், முன்னங்கால்களால் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் தரைதான் எதிரி. தரை என்றால் ஈரம், ஈரம் என்றால் சளி, சளி என்றால் ஆஸ்பத்திரி. தவழும் பிள்ளையைக்கூடச் சாக்கின் மேலும் பலகையின் மேலும்தான் விடுவார்கள். வெளியே போனால் அட்டை. ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்தால் அந்த வழியாகப் போகிற யாராவது தூக்கி மேலே வைத்துவிட்டுத்தான் போவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். தொரையைத் துடைத்து, கிளையின் உச்சியில், அடுப்புக்கு மிக அருகில் வைத்தேன். ஒரு போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் சாய்த்தேன். அது சூடு தேடித்தான் அலைகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்ப இறங்கியது. திரும்ப வைத்தேன். அதன் நடை எப்போதும் போல மெதுவாக இல்லை, அவசரமாக இருந்தது. வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சீறியதும் அந்த வாரத்தில்தான்.

சனிக்கிழமை நிறுத்தேன். இருபது நட்டு.

அன்று நாலரை மணிக்கு மலையிலிருந்து வந்த பக்கத்துக் காம்பரா அக்கா அடுப்பு மூட்ட நெருப்பு எடுத்துக்கொண்டு போக வந்தார். அவருக்கு அப்போது ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குசினி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"என்ன புள்ள, தொரை இன்னிக்கும் பட்டினியா?"

"ஏழு நாளாச்சுக்கா. மூக்குக்கிட்ட வச்சாலும் திரும்பிக்குது. ஆனா எடை கூடிருக்கு. பதினெட்டு நட்டு இருந்துச்சு, இப்ப இருபது."

"திங்காம எப்படிடி எடை கூடும்?"

"அதான் தெரியலக்கா. தராசு தப்போன்னு மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"இங்க குடு."

அவர் தொரையை மடியில் வாங்கி, இரண்டு பக்கமும் விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"மொச்சக்கொட்டைய மூட்டை கட்டுன மாதிரி இருக்கே. கீழ எறங்குதா?"

"எறங்கி எறங்கி அந்த மூலையப் பிராண்டுதுக்கா. நான் தூக்கி மேல வச்சிருவேன்."

"எத்தன தடவ?"

கொப்பியைப் பார்த்தேன். "பதினொண்ணு."

"அடிப்பாவி! புள்ளத்தாச்சிய ஒரு எடத்துல ஒக்கார விடாம ஏத்தி ஏத்தி விட்டிருக்க!"

"இது தொரைக்கா."

"தொரையில்லடி. தொரசாணி."

அம்மா அடுப்புக்குப் பின்னாலிருந்து சிரித்த சிரிப்பில் ஊதுகுழல் கீழே விழுந்தது. நான் சிரிக்கவில்லை. அக்காவும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"வெளையாட்டு இல்ல புள்ள. கோழிக்கு முட்டை உள்ள மாட்டிக்கிட்டா ரெண்டு மூணு நாள்தான். எங்க வீட்டுக் கோழி ஒண்ணு அப்படித்தான் செத்துச்சு. இது எத்தன நாளா எடம் தேடுதோ. மண்ணு குடு. சீக்கிரம் குடு."

ஐந்து நாள் ஆகிவிட்டது என்று கொப்பி சொன்னது. அந்த ஐந்து நாளும் அதை மண்ணில் இறங்கவிடாமல் தடுத்தது நான்.

அப்போதே ஒரு டின்னில் தோட்டத்து மண்ணை அள்ளி வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். தொரை இறங்கியது, நாலு தடவை பிராண்டியது, நிறுத்தியது. மண் ஐஸ் மாதிரி இருந்தது. ஈரமும் அதிகம். டின்னை அடுப்புக்குக் கிட்டே தள்ளினால் ஒரு பக்கம் சுட்டது, மறுபக்கம் குளிர்ந்தது. அம்மா விறகை இழுத்துவிட்டுக் கறிச்சட்டியை இறக்கி வைத்தார். அன்று சோறு தாமதமானது.

மாலை அப்பா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நம்ம தோட்டத்துல எப்பவும் சூடா மண்ணு இருக்கிறது ஒரே எடம்தான்" என்றார். ஸ்டோர் அடுப்பின் பின்சுவர். விறகு போடும் அறையில், செங்கல் சுவருக்குப் பின்னால், நாய்கூடப் படுக்க இடம் தேடி வரும் இடம். "காலையில ஏழு மணிக்கு வா. நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னாலும், இன்னைக்கு வந்த கொழுந்து பாக்கி இருக்கு. மத்தியானம் வரைக்கும் மெஷின் ஓடும்."

அடுத்த நாள் காலை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏ புள்ள, தொரை முழுகாம இருக்காராமே?"

"எத்தனாவது மாசமாம்?"

"வேலைக்குப் போறப்ப புள்ளைய விட்டுட்டுப் போகணுமே, பிள்ளைக் காம்பராவுல இப்பவே பேரு பதிஞ்சிரு. அப்பறம் எடம் கெடைக்காது."

"யாரு புருசன்னு கண்டாக்கையாகிட்டக் கேக்கச் சொல்லுங்க, மலையில ஆள் கணக்கு எல்லாத்தையும் அவருதான் எழுதி வச்சிருக்காரு."

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அப்பா ஒரு பழைய தேயிலைப் பெட்டியை எடுத்து வைத்திருந்தார். தவறணையிலிருந்து, அதாவது தேயிலை நாற்று வளர்க்கும் இடத்திலிருந்து, சலித்த மண்ணும், ஓடையிலிருந்து மணலும் கொண்டு வந்து அதில் பாதி வரை நிரப்பியிருந்தார். பெட்டியைச் சுவருக்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. சுவரோடு ஒட்டி வைத்தால் மண்ணில் கை வைக்க முடியவில்லை. கொழுந்து வாட்டும் மாடியில் உடைந்து ஒதுக்கிய வெப்பமானி ஒன்று இருந்தது, அதில் எண்கள் பாதி அழிந்திருந்தன. எனக்கு எந்த எண் வேண்டும் என்பதும் தெரியாது. பக்கத்துக் காம்பரா அக்கா என்னோடு வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு. அவர் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

"பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுற தண்ணிக்கு எப்படிப் பாப்பாங்க? முழங்கைய விட்டுத்தானே? சுடாம, குளிராம இருக்கணும். இன்னும் கொஞ்சம் தள்ளுங்கண்ணே. இன்னும். போதும்."

சுவரிலிருந்து இரண்டடி. நான் அதைக் கரித்துண்டால் தரையில் கோடு போட்டுக் குறித்தேன்.

தொரையை மண்ணில் இறக்கினேன். அது மூலைக்குப் போனது, பிராண்டியது. ஒரு கைப்பிடி மண் எழும்பியது. பக்கத்து அறையில் கொழுந்து அரைக்கும் ரோலர் ஒரு சுற்றுச் சுற்றியதும் பெட்டி அதிர்ந்தது. தொரை நின்றுவிட்டது. மறுபடி தொடங்கியது. மறுபடி அதிர்ந்தது. நிறம் கறுத்துக்கொண்டே போனது.

அந்த நேரத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா உள்ளே வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சிங்களம் வரும்.

"மொகத்த மே? என்ன பெட்டி இது?"

அப்பா நிமிர்ந்தார். "தவறணை மண்ணுங்க ஐயா."

"தவறணை மண் ஏன் என் அடுப்பில?" குனிந்து பார்த்தார். "கட்டுஸ்ஸா! ஓணான்! இவ்வளவு பெரிசா! ஸ்டோருக்குள்ள மிருகம் கொண்டு வரக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும்ங்க ஐயா. புள்ள வளக்குறது. முட்டை போட எடம் இல்லாம சாகப் பாக்குது. இங்க மட்டும்தான் சூடு இருக்கு."

டீமேக்கர் ஐயா என்னைப் பார்த்தார். "இதுக்குப் பேர் இருக்கா?"

அப்பா விறகைப் பார்த்தார். நான் கரித்துண்டைப் பார்த்தேன். அக்காதான், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சொல்லிவிட்டார்.

"தொரைங்க ஐயா."

அவர் ஒரு கணம் நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. பிறகு பெட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார். ஒரு கண் அவரையும், ஒரு கண் அப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய மீசை கொஞ்சம் அசைந்தது.

"நாளைக்குக் காலையில புதுக் கொழுந்து வர்றதுக்கு முன்னால இந்தப் பெட்டி இங்க இருக்கக் கூடாது. பெரிய தொரை நாளைக்கு ஸ்டோர் பாக்க வர்றார். ரெண்டு தொரை ஒரு ஸ்டோர்ல வேணாம்."

ஆக, எங்களுக்கு இருந்தது அன்று ஒரு பகல். மத்தியானம் வரை ரோலர் ஓடியது. அதுவரை தொரை தோண்டவில்லை. பெட்டியின் சுவரில் ஏற முயன்று வழுக்கி விழுந்தது. ஒரு தடவை கண்களை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தது. பகலில் அது கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அக்கா விரலில் தண்ணீர் தொட்டு அதன் உதட்டில் வைத்தார். நக்கியது.

"இன்னும் தெம்பு இருக்கு" என்றார். "நாமதான் சுத்தி நின்னுக்கிட்டு முழிச்சு முழிச்சுப் பாக்குறோம். என்னைய இப்படி ஆறு பேரு பாத்துக்கிட்டு நின்னா எனக்கு வருமா?"

பன்னிரண்டரைக்கு ரோலர் நின்றது. ஸ்டோர் முழுவதும் நிற்கும்போது வரும் அமைதி அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், காது அடைத்த மாதிரி இருக்கும். அப்பா அடுப்பில் விறகு போடுவதை நிறுத்தவில்லை. மெஷினுக்குத் தேவையில்லை, சுவர் ஆறாமல் இருக்க இரண்டு இரண்டு கட்டையாகப் போட்டார். பெட்டியின் மேல் ஒரு கொழுந்துச் சாக்கைப் பாதி மூடினோம். நானும் அக்காவும் வெளியே படியில் போய் உட்கார்ந்தோம். வெளியே மழை. அக்கா தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, பெண் பிறந்தால் என்ன செய்வது, ஆண் பிறந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார். நான் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தார். பதினொரு தடவை அதைத் தூக்கியவள் நான்தான் என்பதால், மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தேன்.

மூன்று மணி போல அப்பா கதவில் நின்று சைகை செய்தார். சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூலையில் ஒரு குழி. தொரையின் தலையும் தோளும் மட்டும் மேலே தெரிந்தன. மீதி உடம்பு மண்ணுக்குள். கண்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சாக்கை விட்டுவிட்டேன்.

ஐந்தரைக்கு அது வெளியே வந்துவிட்டது. குழியைத் தானே மூடி, பின்னங்கால்களால் மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டி, விலாவின் பக்கம் தோல் தொங்கியது. நிறுத்தபோது பன்னிரண்டு நட்டு. இலையில் தெளித்த தண்ணீரைக் கால் மணி நேரம் குடித்தது. மறுநாள் மூன்று வெட்டுக்கிளி தின்றது. அம்மா அதற்கு முன்னால் தானே போய் உட்கார்ந்து, "தின்னு, தின்னு, பெத்தவ நல்லாத் திங்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டியை அன்று மாலையே இரண்டு பேர் சாயாமல் தூக்கி, அடுப்பறைக்கு வெளியே, புகைபோக்கியின் அடியில் கூரை நீட்டிய இடத்தில் வைத்தார்கள். அது வெளியே என்பதால் டீமேக்கர் ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

தொரை உயிரோடு இருந்தது. லயத்தில் எல்லாருக்கும் அது போதும். எனக்கு அந்த வாரம் முழுவதும் வேறு கணக்கு ஓடியது. இந்தத் தோட்டத்தில் அதற்கு இறங்க முடிகிற தரை அந்த ஒரு பெட்டி அளவுதான். அதுவும் அடுப்பு எரிந்தால். அடுத்த தடவை ரோலர் நிற்குமா, டீமேக்கர் ஐயா சிரிப்பாரா, நான் சரியான நாளில் கவனிப்பேனா? கிளையில் அது நன்றாக இருந்தது என்பது உண்மை. கிளையில் மட்டும்தான் நன்றாக இருந்தது.

சித்தப்பா டிசம்பரில் வந்தபோது சொன்னேன்.

"திருப்பிக் கொண்டு போறதா? குடுத்தத யாராவது திருப்பி வாங்குவாங்களா?"

"புடிச்ச எடத்துலயே விட்டுருங்க சித்தப்பா. அதே ரோட்டுல. ஆனா ரோட்டுல விடாதீங்க. மரத்துல விடுங்க."

"அழுவுறியா?"

"இல்ல."

"அழுவுறா" என்றார் அம்மா.

ஒரு பழைய தலையணை உறையில் மிலாறுக் கிளை ஒன்றையும் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டபடியே தொரையைக் கொடுத்தேன். லொறியின் முன்பக்கம், எஞ்சின் சூடு வருகிற இடத்தில் வைக்கச் சொன்னேன். பெரட்டுக்குப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். யாரும் நிறம் கேட்கவில்லை. ஜனவரியில் சித்தப்பா வந்து சொன்னது இவ்வளவுதான். "முள்ளு உடை மரம் ஒண்ணுல விட்டேன். வெயில் நல்லா அடிச்சுது. அஞ்சு நிமிசத்துல பச்சையாயிருச்சு. அப்பறம் எது எலை, எது அதுன்னு எனக்குத் தெரியல."

முட்டைகளை அப்பா ஒன்பது மாதம் பார்த்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தடவை மண்ணில் தண்ணீர் தெளித்தார். 1977 ஆகஸ்டில் நாங்கள் தோண்டிப் பார்த்தோம். பத்தொன்பது முட்டைகள், எல்லாம் சுருங்கி, மஞ்சளாகி, பட்டாணி உலர்ந்த மாதிரி இருந்தன. பெட்டியைத் தூக்கியபோது உள்ளே புரண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு அணைந்தது காரணமாக இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே உயிர் இல்லாத முட்டைகளாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று எனக்கு இன்றும் தெரியாது. முட்டையை உடைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தெரிந்த காலத்தில் முட்டை இல்லை.

இப்போது 1987. அப்பா ஸ்டோரிலிருந்து நின்றுவிட்டார், அவரும் அம்மாவும் அதே காம்பராவில்தான் இருக்கிறார்கள். அக்காவுக்குப் பிறந்தது பெண், பதினொரு வயதாகப் போகிறது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சித்தப்பா அந்தப் பாதையில் லொறியில் போவதில்லை, நோர்வூட்டில் மரம் விற்கும் ஒரு மரக்காலையில் வேலை செய்கிறார். அந்த உடை மரம் இருக்கிறதா என்று பார்த்து வர ஆள் இல்லை. நான் கண்டியில் வாடகை அறையில் இருக்கிறேன். பிராணி எதுவும் வளர்க்கவில்லை.